தலைக்கு மேலே விமானம்... நம் கைக்கு என்ன?



பள்ளிக்கரணையில் நடந்த நம் கூட்டமைப்புக் கூட்டம் ஒன்றில் வரவு செலவுக் கணக்கு வாசித்துக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து தலைக்கு மேலே ஒரு விமானம் போனது. கணக்கு யார் காதிலும் விழவில்லை. சத்தம் அடங்கியதும் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "இத்தினி வருஷமா நம்ம தலை மேலதான் போவுது. நம்மள்ல எத்தினி பேரு அதுல ஏறியிருக்கோம்? கை தூக்குங்க பாக்கலாம்" என்றார்.

அறுபது பேருக்கு மேல் இருந்த கூட்டத்தில் நான்கு கைகள்தான் உயர்ந்தன.

"ஏறாட்டி போவுது. அந்த ஏர்போர்ட்டால நமக்கு எதுனா பிரயோசனம் உண்டா மேடம், இல்ல வெறும் சத்தம் மட்டுந்தானா?" என்று அடுத்த கேள்வி வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒரு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அதே விமான நிலையத்தின் பேரைச் சொல்லித்தான் அவரிடம் 60 ஆயிரம் ரூபாயை ஒருவன் ஏமாற்றிக்கொண்டு போயிருந்தான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

விமான நிலையம் விமானம் ஏறுகிறவர்களுக்கு மட்டும் சொந்தமானது இல்லை. நம் பொருளை விற்க அங்கே வழி இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது. அதன் பேரைச் சொல்லி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். சில ஊர்களில் அது நிலத்தையே கேட்டு வருகிறது. ஆகவே அது எப்படி நடக்கிறது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது எப்போது வந்தது?

1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு முதன்முதலாக விமானத் தபால் வந்தது. டாடா நிறுவனம் தொடங்கிய சேவை அது. கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாடாவே ஓட்டி வந்தார். அங்கிருந்து சென்னைக்கு நெவில் வின்சென்ட் என்பவர் ஓட்டி வந்தார். அன்று வந்தது ஆட்கள் இல்லை, கடிதங்கள்தான்!

பிறகு மீனம்பாக்கத்தில் விமான நிலையம் வளர்ந்தது. 1980களில் திரிசூலம் பக்கம் புதிய முனையங்கள் கட்டப்பட்டன. உள்நாட்டு முனையத்துக்குக் காமராஜர் பெயரும், பன்னாட்டு முனையத்துக்கு அண்ணா பெயரும் வைக்கப்பட்டன. 2023 ஏப்ரல் 8ஆம் தேதி 1,260 கோடி ரூபாய் செலவில் கட்டிய புதிய முனையம் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 கோடியே 30 லட்சம் பயணிகளைத் தாங்கும் அளவு இருந்ததை 3 கோடியாக உயர்த்தத்தான் இந்தக் கட்டடம்.

டிக்கெட்டில் சென்னைக்கு 'எம்.ஏ.ஏ.' என்ற மூன்று எழுத்துதான் இருக்கும். ஊர் பெயர் மாறினாலும் பழைய மெட்ராஸ் அந்த எழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தாம்பரம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். உங்கள் தலைக்கு மேலே சின்ன விமானங்கள் வட்டமடித்தால் அது மீனம்பாக்கத்து விமானமாக இருக்காது. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பயிற்சி நடக்கிறது. அது வேறு, இது வேறு.

'பன்னாட்டு' என்றால் என்ன?

ஓடுதளம் நீளமாக இருந்தால் மட்டும் பன்னாட்டு விமான நிலையம் ஆகிவிடாது. மூன்று மேசைகள் அங்கே வேண்டும். ஒன்று, பாஸ்போர்ட்டும் விசாவும் பார்க்கும் குடியேற்றப் பிரிவு. இரண்டு, கொண்டு வரும் பொருளுக்கு வரி பார்க்கும் சுங்கத் துறை. மூன்று, நோய் பரவாமல் பார்க்கும் சுகாதாரப் பிரிவு. கொரோனா காலத்தில் மூன்றாவது மேசையின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. தமிழ்நாட்டில் சென்னையோடு திருச்சி, கோவை விமான நிலையங்களும் பன்னாட்டுத் தகுதி பெற்றவை. இந்த இரண்டுக்கும் 2012இல் அந்தத் தகுதி கிடைத்தது.

சென்னை விமான நிலையத்தை நடத்துவது இந்திய விமான நிலைய ஆணையம். இது 1995இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். விமானங்களை ஓட்டுவது தனி நிறுவனங்கள். பஸ் ஸ்டாண்டு நகராட்சிக்குச் சொந்தம், பஸ் வேறு ஒருவருக்குச் சொந்தம் என்பது போலத்தான். பாதுகாப்புக்கு மத்திய தொழில் பாதுகாப்புப் படை இருக்கிறது.

வருமானம் எப்படி? விமானம் இறங்க, நிற்கக் கட்டணம். பயணியின் டிக்கெட்டில் ஒரு கட்டணம். கார் நிறுத்தக் கட்டணம். இவற்றோடு கடை வாடகை பெரிய வருமானம். அந்த வாடகை பொருளின் விலையில்தான் ஏறுகிறது. ஏர்போர்ட்டில் டீ விலை கேட்டு மயக்கம் வருவதற்குக் காரணம் இதுதான். பயணிகள் பல காலமாகக் குறைபட்டதால் 2025 பிப்ரவரியில் சென்னை விமான நிலையத்தில் 'உடான் யாத்ரி கஃபே' என்ற மலிவு விலைக் கடை திறக்கப்பட்டது. திறந்தபோது டீ 10 ரூபாய், தண்ணீர் பாட்டில் 10 ரூபாய், சமோசா 20 ரூபாய்.

கடற்கரைக்குப் போகும் விருந்தாளி

மாமல்லபுரம் 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கோவளம் கடற்கரைக்கு 2021இல் சுத்தமான கடற்கரைக்கான 'நீலக்கொடி' சான்று கிடைத்தது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். 2022இல் அங்கேயே செஸ் ஒலிம்பியாட் போட்டி நடந்தது. 180க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து விளையாட வந்தார்கள். கடற்கரையில் ஓய்வெடுக்க வரும் வெளியூர், வெளிநாட்டுக்காரர்களுக்கும் வாசல் மீனம்பாக்கம்தான்.

அங்கே இறங்கிக் கடற்கரைக்குப் போகும் கார்களில் பல, பல்லாவரம் - துரைப்பாக்கம் 200 அடிச் சாலையில் நம் சதுப்பு நிலத்தைக் கடந்துதான் போகின்றன. வரும்போதும் அப்படியே. விருந்தாளி நம் வாசல் வழியாகத்தான் போய் வருகிறார். ஆனால் நம் கைப்பொருளில் ஒன்றாவது அவர் பையில் ஏறுகிறதா? யோசித்துப் பாருங்கள்.

நமக்கும் ஒரு கடை உண்டு

இப்போது முக்கியமான செய்திக்கு வருவோம். 2022இல் இந்திய விமான நிலைய ஆணையம் 'அவ்சர்' என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. இந்தியில் அந்தச் சொல்லுக்கு 'வாய்ப்பு' என்று பொருள். ஆணையம் நடத்தும் விமான நிலையங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு 100 முதல் 200 சதுர அடி வரை இடம் ஒதுக்குவது இதன் நோக்கம். ஒரு குழுவுக்கு 15 நாள். பிறகு அடுத்த குழு. கட்டணம் பெயரளவுக்குத்தான். முதலில் தொடங்கிய சில நிலையங்களில் சென்னையும் ஒன்று.

நம் உறுப்பினர்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது! விண்ணப்பிக்கும் முன் அப்போதைய நிபந்தனை, கட்டணம், வரிசை எல்லாவற்றையும் நம் மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

15 நாள் என்பது கேட்கச் சின்னதாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 100 பாக்கெட் முறுக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 நாளைக்கு 1,500 பாக்கெட் வேண்டும். ஒரு குழு தனியாகச் சுட்டு முடியுமா? ஆறு குழு சேர்ந்தால் ஒரு குழுவுக்கு 250 பாக்கெட். கூட்டமைப்பு இருப்பது இதற்குத்தான். ஆனால் ஆறு குழுவின் முறுக்கும் ஒரே ருசி, ஒரே எடை, ஒரே பாக்கெட்டாக இருக்க வேண்டும். ஒரு பாக்கெட்டில் உப்பு அதிகமானால் ஆறு குழுவுக்கும் கெட்ட பேர்.

இன்னும் சில ஏற்பாடுகள்:

உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். தயாரித்த தேதி, எத்தனை நாள் கெடாது, எடை, விலை, முகவரி எல்லாம் இருக்க வேண்டும். நம் மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் 'மதி' பெயரில் விற்க முடியுமா என்றும் கேளுங்கள்.

கடையில் உட்காருபவர் யார்? பயணிகள் பகுதிக்குள் நினைத்தபடி போய்வர முடியாது. நுழைவு அட்டை வேண்டும். அதற்குப் போலீஸ் விசாரணை உண்டு. ஆகவே கடைசி நேரத்தில் ஆளை மாற்ற முடியாது. விமானம் விடியற்காலையிலும் வரும், நள்ளிரவிலும் வரும். எந்த நேரம் கடை திறப்பது, வீட்டில் கைக்குழந்தை இருப்பவருக்கு எந்த முறை, இரவில் திரும்ப வண்டி யார் பொறுப்பு என்பதையெல்லாம் முதலிலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.

பணம் பெரும்பாலும் செல்போனில்தான் வரும். அந்த ஸ்கேன் அட்டை குழுவின் வங்கிக் கணக்குக்குத்தான் இருக்க வேண்டும். ஒருவருடைய சொந்தக் கணக்கில் போட்டால் நாளைக்குச் சண்டைதான். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

விலை போடும்போது மாவு, எண்ணெய், கேஸ், பாக்கெட், வண்டிச் செலவோடு நம் கூலியையும் சேர்க்க வேண்டும். நம் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விலை போடுவது நம்முடைய பழைய வியாதி.

எது விற்கும், எது விற்காது?

நம் உறுப்பினர் ஒருவரின் மகன் துபாய்க்கு வேலைக்குப் போனார். அம்மா மூன்று நாள் உட்கார்ந்து எலுமிச்சை ஊறுகாய் போட்டு, பாட்டிலில் அடைத்து, மகனின் கைப்பையில் வைத்து அனுப்பினார். பாதுகாப்புச் சோதனையில் அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டார்கள். "எம் புள்ளைக்கு ஊறுகா போச்சேன்னு இல்ல மேடம். குப்பைத் தொட்டில போட்டாங்களேன்னுதான் மனசு கேக்கல" என்றார் அந்த அம்மா.

நமக்கு அதில் வியாபாரப் பாடம் இருக்கிறது. பயணியின் பெட்டிகள் இரண்டு வகை. ஒன்று, விமானத்தின் வயிற்றுப் பகுதிக்குப் போகும் பெரிய பெட்டி. இன்னொன்று, தன்னோடு எடுத்துப் போகும் கைப்பை. கைப்பைக்கு வழக்கமாக 7 கிலோதான் அளவு. வெளிநாட்டு விமானத்தில் தண்ணீர் போன்ற பொருள் 100 மில்லிக்கு மேல் ஒரு பாட்டிலில் இருந்தால் கைப்பையில் விடமாட்டார்கள். எண்ணெய் மிதக்கும் ஊறுகாயும் மிளகாய்ப் பொடியும் கைப்பையில் கூடாது. கொப்பரைத் தேங்காய்க்கு எண்ணெய்ப் பிடிப்பு இருப்பதால் தீப்பிடிக்கும் பயம். அதை எந்தப் பெட்டியிலும் வைக்கக்கூடாது. முழுத் தேங்காயைக் கூடக் கைப்பையில் விடுவதில்லை. சபரிமலை பக்தர்களின் இருமுடித் தேங்காய்க்கு மட்டும் 2024ஆம் ஆண்டு சீசனில் தனியாகச் சலுகை அறிவித்தார்கள்.

ஏர்போர்ட் கடைக்கு வரும்போது பயணியின் பெரிய பெட்டி பெரும்பாலும் உள்ளே போய்விட்டிருக்கும். கையில் இருப்பது கைப்பை மட்டும். ஆகவே நம் பொருள் லேசாக இருக்க வேண்டும், ஒழுகக் கூடாது, உடையக் கூடாது, மூன்று வாரமாவது கெடாமல் இருக்க வேண்டும். முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பனங்கற்கண்டு சரி. ஊறுகாய், தொக்கு, நெய் வேண்டாம். பனை ஓலைப் பெட்டி, கோரைப்புல் கைப்பை, துணிப் பை, சின்ன மணிமாலை சரி. மாமல்லபுரத்துக் கல்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, பேரும் இருக்கிறது. ஆனால் உள்ளங்கை அளவுச் சிற்பம்தான் கைப்பையில் போகும்.

இன்னொன்று. எங்கேயும் கிடைக்கும் பொருளை அங்கே வைத்து என்ன பயன்? 'இது இந்த ஊர்ப் பெண்கள் செய்தது' என்று இரண்டு வரி தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். தூரத்து ஊரிலிருந்து வந்தவர் அந்த இரண்டு வரிக்காகவே வாங்குவார்.

"ஏர்போர்ட்ல வேலை வாங்கித் தரேன்!"

இப்போது அந்த 60 ஆயிரம் ரூபாய் கதை. பெயரும் ஊரும் வேண்டாம்.

அந்த அக்காவின் மகள் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். செல்போனில் ஒரு செய்தி வந்தது. ஏர்போர்ட்டில் டிக்கெட் கவுண்டர் வேலை, நல்ல சம்பளம், சாப்பாடு, சீருடை எல்லாம் இலவசம் என்று. போனில் ஒருவன் பேசினான். முதலில் பதிவுக் கட்டணம் என்று கொஞ்சம் கேட்டான். பிறகு சீருடைக்கு, பிறகு பயிற்சிக்கு, பிறகு 'திருப்பித் தரும் டெபாசிட்' என்று. கடைசியில் முத்திரை குத்திய வேலைக் கடிதமும் வந்தது. அக்கா குழுவில் உள்கடன் வாங்கித்தான் பணம் கட்டினார். குறிப்பிட்ட தேதியில் மகளை அழைத்துக்கொண்டு திரிசூலம் போய் இறங்கினார். வாசலில் இருந்த காவலர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது பொய்க் கடிதம். இந்த வாரத்துல இது மாதிரி வர்றது நீங்க மட்டும் இல்ல" என்றாராம்.

இதில் என் தவறும் இருக்கிறது. அந்தக் கடிதத்தைப் பணம் முழுவதும் கட்டுவதற்கு முன்பே எனக்குக் காட்டினார்கள். ஏதோ அவசர வேலையில் இருந்த நான், "நல்ல விஷயம்கா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். உட்கார்ந்து இரண்டு நிமிடம் படித்திருந்தால் கடைசித் தவணையாவது மிஞ்சியிருக்கும். அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு அந்த அக்கா இரண்டு மாதம் கூட்டத்துக்கே வரவில்லை. கடன் கட்ட முடியவில்லை என்பதை விட, "எல்லாரும் என்னைய ஏமாளின்னு பேசுவாங்க" என்ற வெட்கம். குழு அவரை விட்டுவிடவில்லை. வீட்டுக்கே போனார்கள். தவணையைச் சிறியதாக்கி, காலத்தை நீட்டித் தீர்மானம் போட்டார்கள். போலீசில் புகார் கொடுத்தோம். பணம் இன்னும் வரவில்லை. ஆனால் அந்த அக்கா மறுபடியும் வருகிறார்.

வேலை உண்மையில் எப்படிக் கிடைக்கும்? தெரிந்துகொள்ளுங்கள்.

விமான நிலைய ஆணையத்தின் வேலைக்கு அதன் இணையதளத்தில் அறிவிப்பு வரும். தேர்வு நடக்கும். பாதுகாப்புப் படை வேலைக்கும் அரசுத் தேர்வுதான். விமான நிறுவனங்கள் நேரடியாக நேர்காணல் வைத்து எடுக்கும். துப்புரவு, தள்ளுவண்டி, சுமைப் பணி போன்றவை ஒப்பந்த நிறுவனங்கள் மூலம். இவற்றில் எதற்கும் 'டெபாசிட்' கிடையாது. போலி வேலை விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று ஆணையமே பல முறை எச்சரித்திருக்கிறது.

பொய் என்று கண்டுபிடிக்க: நேர்காணல் இல்லாமலே வேலை என்றால் பொய். தனி ஆளின் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் பொய். 'இன்னிக்கே கட்டணும், இல்லாட்டி வேற ஆளுக்குப் போயிடும்' என்று அவசரப்படுத்தினால் பொய். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. வெட்கப்பட்டுக்கொண்டு நாலு நாள் கழித்துச் சொன்னால் பணம் கை மாறிப் போயிருக்கும்.

பாஸ்போர்ட்டில் இருக்கும் ஈ.சி.ஆர்.

நமக்கு ஈ.சி.ஆர். என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை. பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்றால் அர்த்தமே வேறு. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் முன் அரசின் அனுமதி பெற வேண்டும் என்பதற்கான குறி அது. பெரும்பாலும் பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இருக்கும். வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்த அனுமதி வேண்டும்.

இந்த வகைப் பாஸ்போர்ட்டில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயதாவது ஆகியிருக்க வேண்டும். அரசு ஒப்புதல் பெற்ற அரசு நிறுவனங்கள் மூலம்தான் போக முடியும். நம் மாநிலத்தில் 1978இல் தொடங்கிய அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. முறையாகப் போகிறவர்களுக்குக் காப்பீடும் உண்டு. விபத்தில் இறந்தால் அல்லது நிரந்தர ஊனம் ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய் வரை.

புரோக்கர் என்ன சொல்வான்? "அதெல்லாம் வேணாம்மா, டூரிஸ்ட் விசால போயிடு, அங்க போய் மாத்திக்கலாம்" என்பான். அப்படிப் போனால் அங்கே நாம் வேலைக்காரியும் இல்லை, சுற்றுலாப் பயணியும் இல்லை. சம்பளம் தராவிட்டால் கேட்க உரிமை இல்லாமல் போகும். இந்த ஒரு பேச்சுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள்.

நிலமும் தண்ணீரும்

விமான நிலையத்துக்குத் தட்டையான, அகலமான நிலம் வேண்டும். தட்டையான நிலம் என்றால் வயல், ஏரி, மேய்ச்சல் தரை. மீனம்பாக்கம் சுமார் 1,300 ஏக்கர். ஒரு பக்கம் பரங்கிமலை, பல்லாவரம் மலைகள். இன்னொரு பக்கம் அடையாறு. இரண்டாவது ஓடுதளத்தை நீட்ட ஆற்றின் மேலேயே பாலம் போட வேண்டியிருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பெருகி விமான நிலையத்துக்குள் புகுந்தது. சில நாள் நிலையத்தை மூடிவிட்டு அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானம் விட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் ஓடுதளம் தண்ணீரில் நின்றது. அதே நாட்களில் நம் பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் எப்படி இருந்தன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற 'ராம்சார்' ஈரநிலமாக நம் சதுப்பு நிலம் அறிவிக்கப்பட்டது. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தை நிரப்பினால், ஏழை வீடானாலும் பன்னாட்டு விமான நிலையமானாலும் தண்ணீர் தேடி வரும்.

மீனம்பாக்கத்தில் இடம் போதாது என்று 2022 ஆகஸ்டில் காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் அறிவிக்கப்பட்டது. 13 கிராமங்களில் 5,000 ஏக்கருக்கு மேல் நிலம். ஆண்டுக்கு 10 கோடி பயணிகளைக் கையாளும் திட்டம். 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. தொழிலும் வேலையும் பெருகும், சென்னைக்கு இது அவசியம் என்கிறது அரசு. வயலும் ஏரியும் போய்விடும் என்று ஏகனாபுரம் மக்கள் 2022இலிருந்து எதிர்த்துப் போராடி வருகிறார்கள். கிராம சபைகளில் தீர்மானமும் போட்டார்கள். அந்தப் போராட்டத்தில் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள்.

விமான நிலையம் வந்தால் ஊர் தானாகச் செழித்துவிடுமா? இரண்டு ஊர்களைப் பாருங்கள். இலங்கையின் தென்கோடியில் மத்தளையில் 2013இல் சீனக் கடனில் பெரிய பன்னாட்டு விமான நிலையம் திறந்தார்கள். விமானமே வரவில்லை. 2015இல் அங்கிருந்த சரக்குக் கிடங்கில் நெல் மூட்டை அடுக்கினார்கள்! கேரளத்தில் கொச்சி அருகே நெடும்பாசேரியில் 1999இல் திறந்த விமான நிலையம் வேறு மாதிரி. வெளிநாட்டில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான மலையாளிகள் பங்குப் பணம் போட்டார்கள். நிலம் இழந்த குடும்பங்களுக்கு டாக்சி ஓட்டும் உரிமை போன்ற பிழைப்பு வழிகள் கிடைத்தன. பக்கத்துப் புதுச்சேரியில் ஹைதராபாத்துக்கு 2017இல் தொடங்கிய சேவை 2024இல் நின்று, அந்த ஆண்டு டிசம்பரில்தான் மறுபடியும் வேறொரு நிறுவனத்தின் விமானம் வந்தது. ஆள் ஏறினால்தான் விமானம் வரும். ஊர்க்காரர்களுக்குப் பங்கு என்று முன்கூட்டியே பேசினால்தான் பங்கு வரும்.

நிலம் போகும் ஊரில் பெண்ணின் நிலை என்ன? பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில்தான் காசோலை வரும். வாழ்நாளெல்லாம் நாற்று நட்டு, களை பறித்தவள் பேரில் பட்டா இருக்கிறதா? பெரும்பாலும் இல்லை. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் ஒரு நல்ல வரி இருக்கிறது. கணவனை இழந்தவர், விவாகரத்தானவர், கைவிடப்பட்டவர் ஆகிய பெண்களைத் தனிக் குடும்பமாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. அந்த நிலத்தை நம்பி மூன்று ஆண்டுகளாகக் கூலி வேலை செய்தவர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகப் பார்க்கிறது. ஆனால் கணக்கெடுக்க வருகிறவரிடம் நம் பேரை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் திறந்த வெளியில் குப்பை, இறைச்சிக் கழிவு கொட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. குப்பைக்குப் பறவை வரும். பறவை விமானத்தின் இயந்திரத்தில் சிக்கினால் ஆபத்து. கறிக்கடை, மீன் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் கவனிக்கவும்.

நாமும் ஒரு நாள் ஏறுவோம்

பிள்ளையைப் பார்க்கவோ வைத்தியத்துக்கோ நீங்களும் விமானம் ஏற வேண்டி வரலாம். பயப்பட ஒன்றும் இல்லை. புகைப்படம் உள்ள அடையாள அட்டை கையில் இருக்கட்டும். உள்நாட்டுப் பயணம் என்றால் இரண்டு மணி நேரம், வெளிநாடு என்றால் மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். திரிசூலம் ரயில் நிலையம் எதிரிலேயே இருக்கிறது. 2016இலிருந்து மெட்ரோ ரயிலும் நேராக உள்ளே போகிறது. நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். வழி தெரியாவிட்டால் தமிழிலேயே கேளுங்கள். ஊறுகாயைப் பெரிய பெட்டியில், ஒழுகாமல் கட்டி வையுங்கள்!

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழு செய்யும் பொருள்களில் கைப்பையில் போகக்கூடியது எது? அதை 15 நாளைக்குத் தேவையான அளவு செய்ய எத்தனை குழு சேர வேண்டும்?

2. வேலைக்கு என்று உள்கடன் கேட்டால், பணம் கொடுக்கும் முன் அந்தக் கடிதத்தைக் குழுவில் வாசித்துப் பார்ப்போமா?

3. நம் வீட்டு நிலம், மனை யார் பேரில் இருக்கிறது? இன்றே வீட்டில் கேட்டு வாருங்கள்.

இதை எழுதி முடித்து அந்தப் பின்வரிசை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். பேர் போடவில்லையே என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு சொன்னார்: "போடுங்க மேடம். இன்னொருத்தி படிச்சுட்டு அறுபதாயிரத்த காப்பாத்தினா சரி. அந்த ஏர்போர்ட் கடைக்கு மனு எழுதுறப்ப மட்டும் என்னையும் கூப்பிடுங்க. அந்த வாசலுக்கு இன்னொரு தடவ போவணும். இந்தத் தடவ முறுக்கோட."

மனு எழுதும் அன்று அவருக்கு முதல் அழைப்பு. சகோதரிகளே, நீங்களும் வாருங்கள்!